மணி கோத்ததுபோல் கிழங்கு விடும் அவரைக் கொடி

பயற்றங்காய், மொச்சை, அவரை என அவரைக் குடும்பத்தில் நாம் பெரும்பாலும் பறிப்பது காயைத்தான். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இதே குடும்பக் கொடி ஒன்றை மண்ணைத் தோண்டி அறுவடை செய்கிறார்கள். அதன் பெயர் ஏபியோஸ் அமெரிக்கானா.

ஆற்றங்கரை, சதுப்பு ஓரம் போன்ற ஈரமான இடங்களில் இது இயற்கையாக வளர்கிறது. குளிர்காலத்தில் கொடி காய்ந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு இருந்து, வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். இதனால்தான் இதைப் பல்லாண்டுத் தாவரம் என்கிறோம்.

இந்தக் கிழங்கு வேர் அன்று, நிலத்தடித் தண்டு. தண்டு ஆங்காங்கே பருத்து, நூலில் கோத்த மணிபோல் நீளும். வேர்களில் வேறு சிறு முடிச்சுகள் உண்டு. அவற்றில் வாழும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றுகிறது. புரதம் உருவாக நைட்ரஜன் தேவை. இக்கிழங்கில் உருளைக்கிழங்கைவிடச் சுமார் மூன்று மடங்கு புரதம் உண்டு.

அமெரிக்கப் பூர்வகுடியினர் நெடுங்காலமாக இதை உண்டனர். 1620இல் பிளிமத்தில் குடியேறிய ஆங்கிலேயர்களுக்கும் பஞ்சக் காலத்தில் இது கைகொடுத்தது.

இவ்வளவு சத்திருந்தும் ஏன் சந்தைக்கு வரவில்லை? உருளைக்கிழங்கு சில மாதங்களில் விளையும்; இது நன்கு பருக்கப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் ஆகும். கிழங்குகள் தள்ளித் தள்ளி இருப்பதால் தோண்டுவதும் கடினம். ஆனால், ஆற்றங்கரையில் அந்தப் பரவலே அதற்குப் பலம். கரை அரித்துத் தண்டு அறுந்தாலும், துண்டான கிழங்கு வேறிடத்தில் முளைக்கும். செடிக்கு நன்மையாக இருப்பது உழவருக்குத் தொல்லையாகிறது! 1980களில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் பெரிய கிழங்கு தரும் வகைகளைத் தேர்ந்தெடுக்க முயன்றது.

வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்போர், வசந்தத்தில் கிழங்கை 5 முதல் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் நடுவார்கள். மண் காயக்கூடாது, கொடி படரக் கம்பு வேண்டும். உறைபனியில் கொடி பட்டபின் தோண்டலாம். பச்சைக் கிழங்கில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால், கட்டாயம் வேகவைத்தே உண்ண வேண்டும்.

செய்து பாருங்கள்: பள்ளித் தோட்டத்தில் பயற்றங்காய்ச் செடி ஒன்றை, ஆசிரியரின் அனுமதியோடு, வேர் அறாமல் தோண்டி எடுங்கள். வேரிலுள்ள ஒரு முடிச்சை நறுக்குங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், பாக்டீரியா வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்த நிறத்தைத் தருவது, நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின்.