குவாரிக் குளமா, பவளக் கடலா?

ஸ்கூபா முக்குளிப்பு என்றதும் உங்கள் கண்முன் வருவது எது? சிப்பாடான் தீவின் நீலக் கடல், சுழல்காற்றுபோல் வட்டமிடும் சீலா மீன் கூட்டம், பவளப் பாறை இடுக்கில் ஓய்வெடுக்கும் பச்சை ஆமை. விளம்பரப் படங்களும் இவற்றைத்தான் காட்டுகின்றன. ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முக்குளிக்கப் பழகும் பலர், நீருக்கடியில் தங்கள் முதல் மூச்சைக் கடலில் விடுவதில்லை. கைவிடப்பட்ட கல்குவாரியில்தான் விடுகிறார்கள்.

கல் உடைத்த பள்ளம். குளிர்ந்த நீர். பல நாள்களில் சில மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. பவளமும் இல்லை, சுறாவும் இல்லை. அப்படியிருந்தும் ஒவ்வொரு வார இறுதியிலும் அங்கே ஆள்கள் போகிறார்கள். கடலில் பலமுறை முக்குளித்தவர்கள்கூடத் திரும்பத் திரும்ப அங்கே இறங்குகிறார்கள். ஏன்? விடை தேடிப் போனால் நம் இயற்பியல் பாடம் பாதியை அங்கேயே படித்துவிடலாம்.

பள்ளம் ஏரியான கதை

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் லெஸ்டர்ஷியர் மாவட்டம் இருக்கிறது. அங்கே ஸ்டோனி ஸ்டான்டன் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு குவாரி. அருகில் கடற்கரை எதுவும் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து அங்கே கருங்கல் வெட்டி எடுத்தார்கள். வெட்ட வெட்ட நிலத்தடி ஊற்று பொங்கிக்கொண்டே இருந்தது. இயந்திரம் வைத்து நீரை இறைத்தபடியேதான் வேலை நடந்தது. 1958-இல் குவாரி மூடப்பட்டது. நீர் இறைப்பதும் நின்றது. பள்ளம் தானாகவே நிரம்பி ஏரியானது. இன்று அதன் பெயர் ஸ்டோனி கோவ். ஆழமான இடத்தில் ஏறக்குறைய 35 மீட்டர்.

கல் வெட்டியவர்கள் படிப்படியாகக் கீழே இறங்கியதால் ஏரிக்குள்ளும் படிகள் இருக்கின்றன. முதல் படி ஏறக்குறைய 6 மீட்டர் ஆழத்தில், அடுத்தது 20 மீட்டரைத் தாண்டி, அதற்கும் கீழே அடித்தளம். புதியவர்கள் முதல் படியோடு நின்றுகொள்ளலாம். தேர்ந்தவர்கள் இன்னும் கீழே போகலாம். பயிற்சிக்கென்றே கட்டியதுபோன்ற இந்த அமைப்பால், வடகடலில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய காலத்தில் அந்த வேலைக்கான முக்குளிப்பாளர்கள் பலருக்கு இங்கேதான் பயிற்சி கொடுத்தார்கள்.

இரண்டு கிலோ ஈயத்தின் கணக்கு

முக்குளிப்பவர்கள் இடுப்பில் ஈயக் கட்டிகளைக் கட்டிக்கொள்வார்கள். உடலும் ரப்பர் உடையும் மிதக்கப் பார்க்கும். அதைச் சரிக்கட்டத்தான் ஈயம். மூழ்காமலும் மேலே எழாமலும் நடுநீரில் அசையாமல் நிற்பதே இந்தக் கலையின் உயிர்நாடி.

இப்போது ஒரு கணக்கு. ஒருவர் தம் உடை, காற்றுக் கலன், ஈயம் எல்லாம் சேர்த்து 90 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். குவாரியின் நன்னீரில் அவர் சரியாக நடுநீரில் நிற்கிறார். அப்படியென்றால் அவர் விலக்கும் நீரின் நிறையும் 90 கிலோகிராம்தான். ஆர்க்கிமிடீஸ் சொன்ன விதி இது. ஒரு லிட்டர் நன்னீரின் நிறை ஒரு கிலோகிராம். ஆகவே அவர் விலக்குவது 90 லிட்டர்.

அதே மனிதர் அதே பொருள்களோடு கடலில் இறங்குகிறார். உப்பு கலந்திருப்பதால் ஒரு லிட்டர் கடல்நீரின் நிறை ஏறக்குறைய 1.025 கிலோகிராம். 90 லிட்டருக்கு 92.25 கிலோகிராம் ஆகிறது. அதாவது கடல் அவரை இரண்டு கிலோவுக்கும் சற்று அதிகமான விசையோடு மேலே தள்ளும். கூடுதலாக அவ்வளவு ஈயம் கட்டினால்தான் அவரால் இறங்க முடியும். கடலில் பழகியவர் குவாரிக்கு வந்தால் அதே அளவு ஈயத்தைக் கழற்ற வேண்டும். மறந்தால் கல்லைப்போல் கீழே போவார்.

கண்ணால் பார்க்கக்கூடிய குளிர்

நம் கடலில் நீர் ஆண்டு முழுதும் ஏறக்குறைய 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருக்கும். இறங்கினாலும் பெரிய மாற்றம் தெரியாது. குளிர்நாட்டுக் குவாரியில் கதையே வேறு. கோடைக்காலத்தில் வெயில் மேற்பரப்பை மட்டுமே சூடாக்கும். சூடான நீர் அடர்த்தி குறைந்தது. அதனால் மேலேயே தங்கிவிடும். குளிர்ந்த நீர் கீழே கிடக்கும். அலையோ நீரோட்டமோ இல்லாததால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை.

முக்குளிப்பவர் கீழே இறங்கும்போது ஓர் இடத்தில் திடீரென்று முகத்தில் ஐஸ் வைத்ததுபோல் குளிர் அறையும். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் வெப்பநிலை பல பாகை குறைந்துவிடும். இந்த எல்லைக்கு வெப்பச் சரிவு அடுக்கு என்று பெயர். அந்த இடத்தில் நீர் நெளிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உச்சி வெயிலில் தார்ச்சாலைக்கு மேல் காற்று நெளியுமே, அதேபோல. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: அடர்த்தி மாறும் இடத்தில் ஒளி விலகுகிறது.

குளிர்காலத்தில் இந்த நீர் 4 பாகை அளவுக்கு இறங்கிவிடும். நீர் மிக அடர்த்தியாக இருப்பது அந்த 4 பாகையில்தான். அதனால்தான் குளிர்நாட்டு ஏரிகள் மேலே உறைந்தாலும் அடியில் மீன்கள் உயிரோடு இருக்கின்றன. மனிதருக்கு அது தாங்காது. காற்றைவிட நீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல்வெப்பத்தைக் கடத்தும். எனவே அங்கே நீர் புகாத உலர் உடை அணிகிறார்கள்.

மூழ்க வைத்த கப்பலும் தேடிவரும் ஜெல்லியும்

பார்க்க எதுவுமே இல்லையா? இல்லாததை மனிதர்களே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஸ்டோனி கோவில் ஸ்டேன்கார்த் என்ற பழைய நீராவி இழுவைப் படகை 2000-இல் வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். வைக்கவுண்ட் ரக விமானம் ஒன்றின் முன்பகுதியும் நீருக்கடியில் இருக்கிறது. கடலில் உண்மையான சிதைவுகளுக்குள் நுழைவதற்கு முன் ஆபத்து குறைந்த இடத்தில் பழகிக்கொள்ள இவை உதவுகின்றன. இவற்றுக்கிடையே பெர்ச், பைக் ஆகிய நன்னீர் மீன்கள் வசிக்கின்றன.

அமெரிக்கக் குவாரிகளில் இன்னொரு விருந்தாளியும் உண்டு. ஐம்பது காசு நாணய அளவே உள்ள, கண்ணாடிபோன்ற ஒரு ஜெல்லிமீன். ஜெல்லிமீன் கடலில்தானே வாழும் என்பீர்கள். இது நன்னீர் இனம். சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. 1880-இல் லண்டன் பூங்கா ஒன்றின் அல்லித் தொட்டியில் இதைக் கண்டு அறிவியலாளர்கள் வியந்தார்கள். நீர்ச்செடிகளோடு ஒட்டிக்கொண்டு பல கண்டங்களுக்குப் பரவிவிட்டது. அமைதியான குவாரி நீர் அதற்கு மிகவும் பிடிக்கும். சில கோடைகளில் ஆயிரக்கணக்கில் தோன்றும். அடுத்த ஆண்டு ஒன்றைக்கூடப் பார்க்க முடியாமல் போகலாம்.

பவளத்துக்குக் கிடைக்கும் நன்மை

இனி நம் கடலுக்கு வருவோம். சிப்பாடான், அழிந்துபோன எரிமலைக் கூம்பின் உச்சியில் வளர்ந்த பவளத் தீவு. கரையிலிருந்து சில அடி நீந்தினாலே கடற்சுவர் செங்குத்தாக இறங்கும். கடல்தளமோ ஏறக்குறைய 600 மீட்டர் கீழே. இதற்கு ஈடாக எந்தக் குவாரியையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அழகு மெல்லியது. அதைக் காப்பதற்காகத் தீவிலிருந்த தங்கும் விடுதிகள் 2004-இல் அகற்றப்பட்டன. இன்று ஒரு நாளில் குறிப்பிட்ட எண்ணிக்கையினர் மட்டுமே அனுமதிச் சீட்டோடு அங்கே முக்குளிக்கலாம்.

பவளத்தின் பெரிய எதிரி வெப்பம். 2010-இல் கடல் அளவுக்குமீறிச் சூடாகிப் பவளங்கள் வெளுத்தபோது, தியோமான், ரெடாங் ஆகிய தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களைச் சில மாதங்களுக்கு மூடவேண்டி வந்தது. வெப்பத்தை நாம் ஒரு நாளில் குறைக்க முடியாது. ஆனால் பழகாத கால்களைக் கட்டுப்படுத்தலாம் அல்லவா?

நடுநீரில் நிற்கத் தெரியாத ஒருவர் என்ன செய்வார்? தடுமாறும்போது கையில் கிடைத்ததைப் பிடிப்பார். துடுப்புக் காலணியால் உதைப்பார். பாறைபோல் பருத்து வளரும் பவள இனங்கள் பல, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. உங்கள் வயது அளவு உள்ள பவளம் ஓர் உதையில் உடைந்துவிடும். குவாரியில் அதே ஆள் அதே உதையை விட்டால் சேறு கிளம்பும், அவ்வளவுதான். சேறு கிளம்பினால் தனக்கே கண் தெரியாது என்பதால் அடுத்த முறை காலை அடக்கிக்கொள்வார். திட்டாமலே பாடம் சொல்லும் ஆசிரியர் அந்தச் சேறு.

இதனால்தான் உள்ளூர் நீரில் நன்கு பழகியவர் தொலைதூரக் கடலில் நல்ல விருந்தாளியாக இருக்கிறார். சிங்கப்பூரிலும் இதைப் பார்க்கலாம். புலாவ் ஹந்து தீவைச் சுற்றியுள்ள கடல் கலங்கலானது. பல நாள்களில் சில மீட்டருக்கு மேல் தெரியாது. ஆனாலும் அங்கே முக்குளிப்பவர்கள் அவசரப்படாமல் ஓர் அடிக்கு ஓர் அடி தேடி, விரல்நக அளவு கடல் நத்தைகளையும் கடற்குதிரைகளையும் கண்டுபிடிக்கிறார்கள். சிங்கப்பூர்க் கடலில் 250-க்கும் மேற்பட்ட கடினப் பவள இனங்கள் பதிவாகியுள்ளன. விமானச் சீட்டு இல்லாமலே எட்டக்கூடிய செல்வம் அது.

நம் ஊர்க் குளங்களில் இறங்கலாமா?

கூடாது. இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் ஹிண்ட்ஹீட், குட்டி குய்லின் போன்ற குவாரிகள் இன்று பூங்காக்களின் பகுதி. கரையில் நின்று ரசிக்கலாம். நீரில் இறங்க அனுமதி இல்லை. மலேசியாவில் கிந்தா பள்ளத்தாக்கிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பழைய ஈயச் சுரங்கக் குளங்கள் நிறைய உள்ளன. மேலே பார்க்க அமைதியாக இருக்கும். கரையோரத்தில் முழங்கால் ஆழம். அடுத்த அடியில் தலைக்கு மேல் ஆழம். அடியில் காலை இழுக்கும் களிமண் சேறு. இத்தகைய குளங்களில் குளிக்கப் போன பிள்ளைகள் திரும்பி வராத செய்திகளை இந்த நாளிதழிலேயே நீங்கள் படித்திருப்பீர்கள்.

ஸ்டோனி கோவ் போன்ற இடங்கள் பாதுகாப்பாக இருப்பது நீர் நல்லது என்பதால் அல்ல. அங்கே ஆழம் அளந்து குறிக்கப்பட்டிருக்கிறது; பயிற்றுநர் இருக்கிறார்; மீட்புக்கு ஆள் இருக்கிறது; பொதுவாக யாரும் தனியாக இறங்குவதில்லை. இவை இல்லாத குவாரி வெறும் பள்ளம்தான். முக்குளிக்க ஆசைப்படும் மாணவர்கள் முதலில் நீச்சல் பழகி, பெற்றோர் சம்மதத்தோடு, முறையான பயிற்சி நிலையத்தின் நீச்சல் குளத்திலிருந்து தொடங்கலாம்.

செய்து பாருங்கள்

ஒரு கண்ணாடிக் குவளையில் அரை லிட்டர் குழாய் நீர் ஊற்றிப் புதிய முட்டை ஒன்றை மெதுவாக விடுங்கள். அது மூழ்கும். இப்போது உப்பை நிறுத்து, ஒவ்வொரு கரண்டியாகக் கரையுங்கள். முட்டை எப்போது நடுநீரில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும்; அரை லிட்டருக்கு 17.5 கிராம். உங்கள் முட்டைக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்பட்டதா? அப்படியானால் அந்த முட்டையைக் கடலில் போட்டால் என்ன ஆகும்? விடையை வகுப்பில் நண்பர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.