வண்டிகள் நின்றபின் தொடங்கும் கடற்கரை

புதுச்சேரிக் கடற்கரையில் என்னென்ன பார்க்கலாம் என்று கேட்டால் பட்டியல் சீக்கிரம் முடிந்துவிடும். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவிடம், துய்ப்ளே சிலை, கடலைப் பார்த்தபடி ஒரு காபிக் கடை. சாலையின் நீளமே ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர்தான். இருந்தும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வார இறுதிதோறும் கூட்டம் வருகிறது. வந்தவர்கள் இரவு வெகுநேரமாகியும் எழுந்திருக்க மனமில்லாமல் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே கட்டிவைத்திருக்கும் எதுவும் இதற்குக் காரணமில்லை என்பது என் எண்ணம். தினமும் மாலை ஆறு மணிக்கு, கடற்கரைச் சாலையான குபேர் சாலைக்குள் நுழையும் வழிகளில் போலீசார் தடுப்புகளை இழுத்துப் போடுகிறார்கள். மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகள் உள்ளே வரக்கூடாது. ஒரு நாளில் பதின்மூன்றரை மணி நேரம், தலைமைச் செயலகமே அமைந்திருக்கும் ஒரு சாலை, நடப்பவர்களுக்கு மட்டும் என்று விடப்படுகிறது. அந்தக் கடற்கரையில் செய்யத்தக்கவை எல்லாம் இந்த ஓர் ஏற்பாட்டிலிருந்துதான் கிடைக்கின்றன.

சென்னை மெரினாவோடு ஒப்பிட்டால் இது விளங்கும். காமராஜர் சாலையின் மேற்கே செனட் மாளிகை, மாநிலக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம் என்று அருமையான கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. மணலுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அவற்றை நின்று பார்க்கிறார்கள்? நடுவே ஓடும் வாகன வெள்ளம் கடலை ஒரு பக்கமும் ஊரை ஒரு பக்கமும் பிரித்துவிடுகிறது. புதுச்சேரியில் ஆறு மணிக்குப் பிறகு அந்தப் பிரிவு இல்லை. நடுச்சாலையில் நின்று கிழக்கே அலையையும் மேற்கே மேரி கட்டடத்தின் வெள்ளைத் தூண்களையும் மாறி மாறிப் பார்க்கலாம். 1870-களின் தொடக்கத்தில் எழுந்த அந்த நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய முகப்பு மாறாமல் திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். இரைச்சல் இல்லாததால் அலை கல்லில் மோதிச் சிதறும் ஓசை சாலையின் மேற்கு ஓரம்வரை கேட்கிறது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. பெற்றோர் பேசிக்கொண்டு நடக்க, பிள்ளைகள் பத்தடி முன்னால் ஓடுகிறார்கள். நம் நகரங்களில் எந்தப் பெரிய சாலையில் இதைப் பார்க்க முடியும்?

மெதுவாக நடப்பவருக்கே இந்தக் கரை தன் வரலாற்றைக் காட்டும். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள்; அவற்றின் செதுக்கு வேலையை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். சிலைக்குப் பின்னால் கடலுக்குள் துருப்பிடித்த இரும்புக் கால்கள் சில தலைநீட்டுவதுண்டு. பழைய கப்பல் பாலத்தின் மிச்சம் அவை. இங்கே இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகுகள்தான் அலைகளைத் தாண்டிக் கொண்டுவரும். ஆணியே அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுகள் அவை. அலை அறையும்போது பலகை பிளக்காமல் வளைந்து கொடுக்கும். அந்தச் சிரமத்தைக் குறைக்க 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய பாலத்தை 1952 புயல் கொண்டுபோயிற்று. 1836-இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கமும், 1910 ஏப்ரலில் அரவிந்தர் கப்பலில் வந்து இறங்கியதும், கடல்தான் இந்த ஊரின் தலைவாசலாக இருந்தது என்பதற்குச் சாட்சிகள். காந்தி சிலைக்கு எதிர்ப்புறம், முதல் உலகப்போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கான நினைவிடம் 1938-இல் எழுந்தது. ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று விளக்கலங்காரத்தோடு அதைப் பார்க்கலாம்.

"எல்லாம் சரி, பாண்டியில் பீச் எங்கே? கல்தானே கிடக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குள் இந்தக் கரையின் மிக முக்கியமான கதை இருக்கிறது. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் கொஞ்சம் திரும்பி வந்தாலும், கணக்கைப் பார்த்தால் மணல் வடக்கே போவதுதான் அதிகம். 1980-களின் இறுதியில் நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். வந்துகொண்டிருந்த மணல் அவற்றின் தெற்கே தேங்கியது. வடக்கே நகரக் கடற்கரைக்கு வரத்து நின்றது. தேங்கும் மணலை அள்ளி வடக்கே சேர்ப்பதும் திட்டத்திலேயே இருந்தது, ஆனால் அது முறையாக நடக்கவில்லை. சில ஆண்டுகளில் மணற்பரப்பு கரைந்து, கருங்கற்களே கரை ஆயின. சென்னையில் இதே மணல் ஓட்டம் வேறு பலனைத் தந்தது. அங்கே 19-ஆம் நூற்றாண்டுத் துறைமுகம் மெரினாவுக்கு வடக்கே அமைந்ததால் மெரினா அகன்றது, ராயபுரம் பக்கம் கரை அரித்தது. ஒரே கடல், ஒரே மணல். சுவரை எந்தப் பக்கம் வைத்தோம் என்பதுதான் வித்தியாசம்.

2018-ஐ ஒட்டி, தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் யோசனைப்படி, தலைமைச் செயலகத்துக்கு வடக்கே கடலுக்கடியில் ஓர் எஃகுத் தடுப்பை அமிழ்த்தினார்கள். அதற்குப் பின் வடபகுதியில் மணல் சேர்ந்து, இன்று மக்கள் இறங்கி உட்காரும் அளவுக்கு ஒரு கரை கிடைத்திருக்கிறது. கற்களைக் குறை சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு: 2004 ஆழிப்பேரலையில் நகரின் மையம் பெரும் சேதமின்றித் தப்பியதற்கு அந்தக் கல்லணையும் ஒரு காரணம். ஆனால் கல் ஓரிடத்தைக் காத்தால் அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்கிறது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று மீனவர் ஊர்கள் ஒவ்வொன்றாகக் கரையை இழந்தன. படகை இழுத்து வைக்கவும் வலை உலர்த்தவும் இடம் இல்லாமல் போனது. சாலையின் தென்முனையிலிருந்து வடமுனை வரை நடக்கும் ஒருவர் கல்லும் மணலும் மாறும் இடங்களைக் கவனித்தால் இத்தனையும் கண்ணுக்குத் தெரியும். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு இதைவிடப் பயனுள்ள காட்சி வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்று மட்டும்: மணல் வந்துவிட்டதே என்று நீரில் இறங்கக் கூடாது. கரைச்சரிவும் இழுப்பும் மோசமானவை. பாறைகளுக்கிடையே கால் சிக்கினால் நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கடினம்.

படகு, ராட்டினம், விளக்கு வளைவு என்று ஏதாவது வைத்தால்தான் கூட்டம் நிற்கும் என்று வாதிடுவோரும் உண்டு. படகில் போக விரும்புகிறவர்களுக்குச் சுண்ணாம்பாறு இருக்கிறது. ஆற்றில் சென்று முகத்துவாரத்து மணலில் பொழுதைக் கழிக்கலாம். அதையே கடற்கரைச் சாலையிலும் கொண்டுவந்தால், காசில்லாதவரும் மணிக்கணக்கில் உட்காரக்கூடிய இடம் சுருங்கிப்போகும். சுண்டல் பொட்டலம் ஒன்று வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அங்கே எல்லோருக்கும் ஒரே இருக்கைதான். முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருவோரும் என்ன செய்வார்கள் என்பது நியாயமான கேள்வி. ஆனால் தட்டையான அகலச் சாலையில் வண்டி இல்லாமல் இருப்பது அவர்களுக்குத்தான் முதலில் வசதி. குறுக்குத் தெருவின் முனைவரை ஆட்டோவில் வந்து இறங்கினால் கடல் சில அடிகளில் இருக்கிறது.

எளிதில் தள்ளிவிட முடியாத எதிர்ப்பு, பின்புறத் தெருக்களில் குடியிருப்போருடையது. கடற்கரைச் சாலையை மூடியதும் துமா தெருவிலும் அதன் குறுக்குத் தெருக்களிலும் வண்டிகள் அடைத்துக்கொள்கின்றன, வாசலை மறித்து நிறுத்துகிறார்கள் என்ற அவர்களின் கோபம் உண்மையானது. ஆனால் இது கடற்கரைச் சாலையைத் திறந்துவிட்டால் தீரும் தொல்லை இல்லை. வெளியூர்க் கார்கள் கடலுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்க விரும்புவதுதான் மூலகாரணம். ஊரை இரண்டாகப் பிரிக்கும் கால்வாயிலிருந்து கடல் பத்து நிமிட நடை. நேர்கோட்டில் கிழக்கு மேற்காக அமைந்த தெருக்களில் மாலைக் காற்று தடையின்றி வரும். கால்வாய்க்கு மேற்கே நிறுத்துமிடங்களை ஏற்படுத்தி, அங்கிருந்து சிறு பேருந்துகளை விட்டு, கால்வாய்க்கும் கடலுக்கும் இடைப்பட்ட வெள்ளை நகரத்துக்குள் வெளி வண்டிகளைக் கட்டுப்படுத்துவதே சரியான வழி.

போகிறவர்கள் வார நாளாகப் பார்த்துப் போவது நல்லது. விடியலுக்கு முன்பே வந்துவிட்டால், கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டு வண்டிகள் வருவதற்குள் முழுச் சாலையையும் ஒருமுறை நடந்து முடிக்கலாம். மாசி மாதம் வாய்த்தால் இன்னும் வடக்கே வைத்திக்குப்பம்வரை போக வேண்டும். மாசி மகத்தன்று சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்காகக் கடற்கரைக்கு எழுந்தருள்வார்கள். மயிலம் முருகனும் அதில் வருவார். அரசு ஒன்றே ஒன்று செய்யலாம்: காலை ஏழரை என்ற எல்லையை ஞாயிற்றுக்கிழமைகளிலாவது பத்து மணிவரை நீட்டலாம். அலுவலகங்கள் மூடியிருக்கும் அந்த நாளில் அதனால் யாருக்கும் பெரிய இடையூறு வராது. வெயில் ஏறும்வரை பள்ளிப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிப் பழக ஒரு சாலை கிடைக்கும்.