கலவை விலைக் கணக்குகள்

கலவை விலைக் கணக்குகள் என்பவை, வெவ்வேறு விலையுள்ள இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்களைக் கலக்கும்போது கலவையின் விலையையோ, கலக்க வேண்டிய அளவையோ காணும் இயற்கணித வாய்மொழிக் கணக்குகள் ஆகும். இவை பெரும்பாலும் ஒருபடிச் சமன்பாடுகளாகவே அமையும். ஆயினும் மாணவர்கள் அதிகம் தடுமாறும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. தடுமாற்றம் சமன்பாட்டைத் தீர்ப்பதில் இருப்பதில்லை. அதை எழுதுவதில்தான் இருக்கிறது.

அளவுக் கணக்கும் பணக் கணக்கும்

இத்தகைய கணக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு கணக்குகள் ஒளிந்துள்ளன. ஒன்று அளவைப் பற்றியது (கிலோ, லிட்டர், எண்ணிக்கை). மற்றொன்று பணத்தைப் பற்றியது. கலப்பதற்கு முன் இருந்த மொத்த எடையே கலந்த பின்னும் இருக்கும். கலப்பதற்கு முன் இருந்த மொத்த மதிப்பே கலந்த பின்னும் இருக்கும். கிலோவைக் கிலோவுடனும் ரூபாயை ரூபாயுடனும் மட்டுமே கூட்ட வேண்டும்.

காப்பித்தூள் கிலோ ₹700, சிக்கரி கிலோ ₹200 எனக் கொள்வோம். கிலோ ₹500 அடக்கமாகும் 10 கிலோ கலவை தேவை. காப்பித்தூளின் அளவு 'க' கிலோ என்றால், சிக்கரி (10 − க) கிலோ. இது அளவுக் கணக்கு. பணக் கணக்கு:

700க + 200(10 − க) = 500 × 10

இதிலிருந்து 500க = 3000; க = 6. அதாவது காப்பித்தூள் 6 கிலோ, சிக்கரி 4 கிலோ. சரிபார்க்க: 4200 + 800 = 5000.

விடை காணும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடலாம். கலவையின் விலை எப்போதும் இரு விலைகளுக்கும் இடையில்தான் இருக்கும். ₹500 என்பது ₹200ஐ விட ₹700க்கு அருகில் இருப்பதால் காப்பித்தூள்தான் அதிகம் இருக்க வேண்டும். விடை இதற்கு மாறாக வந்தால் சமன்பாட்டை மீண்டும் பார்ப்பது நல்லது.

சராசரியில் நேரும் பிழை

இரு விலைகளையும் கூட்டி இரண்டால் வகுத்து, கலவை விலை ₹450 என்று எழுதிவிடுவது பரவலான பிழை. சம எடையில் கலந்தால் மட்டுமே அது சரி. ஒருவர் சம எடைக்குப் பதிலாகச் சமமான பணத்துக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ₹1400க்குக் காப்பித்தூள் 2 கிலோ கிடைக்கும். அதே பணத்துக்குச் சிக்கரி 7 கிலோ கிடைக்கும். ஆக, 9 கிலோவின் அடக்கம் ₹2800. கிலோவுக்கு ஏறத்தாழ ₹311. மலிவான பொருள் எடையில் மிகுந்து விலையைக் கீழே இழுத்துவிடுகிறது.

இலாபம் சேரும் கணக்குகளில் வேறொரு பொறி உண்டு. "கலவையைக் கிலோ ₹600க்கு விற்றால் 20% இலாபம்" என்றிருந்தால், 600இல் 20 விழுக்காட்டைக் கழித்து ₹480 என்று எடுப்பது தவறு. இலாப விழுக்காடு அடக்க விலையின் மீது கணக்கிடப்படுவதால், அடக்க விலை 600 ÷ 1.2 = ₹500. சமன்பாட்டில் இடம்பெற வேண்டியது இந்த அடக்க விலையே.

குறுக்குவழி

போட்டித் தேர்வு எழுதுவோர் பயன்படுத்தும் 'அலிகேஷன்' முறை தனி விதி அன்று. கலவை விலைக்கும் சிக்கரி விலைக்கும் உள்ள வேறுபாடு 300. காப்பித்தூள் விலைக்கும் கலவை விலைக்கும் உள்ள வேறுபாடு 200. ஆகவே காப்பித்தூள், சிக்கரி விகிதம் 300 : 200, அதாவது 3 : 2. மேலே கண்ட சமன்பாட்டைச் சுருக்கினால் இதுவே கிடைக்கும். மூன்று பொருள்கள் வந்தால் இம்முறை குழப்பும். அங்கே சமன்பாடே பாதுகாப்பு.

விடை சரி, ஆனால் செல்லாது

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, காப்பி – சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. மேற்கண்ட விலைகளில் கிலோ ₹440 அடக்கமாகும் கலவையைக் கேட்டால், இயற்கணிதம் 48% காப்பி என்று தயங்காமல் விடை தரும். ஆனால் அந்தக் கலவையை விற்க முடியாது. 51 விழுக்காட்டில் அடக்கம் 200 + 500 × 0.51 = ₹455; அதற்குக் கீழே விலையைக் குறைக்க இந்தப் பொருள்களால் வழியில்லை. சமன்பாட்டுக்கு வெளியே இருக்கும் இத்தகைய கட்டுப்பாடுகளையும் கணக்கில் சேர்த்தே படிக்க வேண்டும்.

சில கணக்குகளில் அந்தக் கட்டுப்பாடே விடையைக் காட்டிக்கொடுக்கும். 5ஆம் நூற்றாண்டுச் சீனக் கணிதர் சாங் சியூச்சியானின் நூலில் உள்ள 'நூறு கோழிக் கணக்கு' புகழ்பெற்றது. சேவல் 5 காசு, பெட்டை 3 காசு, குஞ்சு மூன்று 1 காசு; 100 காசுக்கு 100 பறவைகள் வாங்க வேண்டும். தெரியாதவை மூன்று, சமன்பாடுகளோ இரண்டுதான்:

ச + ப + கு = 100
5ச + 3ப + கு/3 = 100

இரண்டாவதை மூன்றால் பெருக்கி, முதலாவதைக் கழித்துச் சுருக்கினால் 7ச + 4ப = 100 என வரும். அரைக்கோழி வாங்க முடியாது என்பதால் 'ச' 4இன் மடங்காகவே இருக்க வேண்டும். எனவே சேவல், பெட்டை, குஞ்சு முறையே 4, 18, 78 அல்லது 8, 11, 81 அல்லது 12, 4, 84. சேவலே வேண்டாம் என்றால் 25 பெட்டையும் 75 குஞ்சும் வாங்கலாம். 9ஆம் நூற்றாண்டில் மகாவீரர் எழுதிய 'கணித சார சங்கிரகம்' என்னும் வடமொழி நூலிலும் இதே வகைப் பறவைக் கணக்கு உள்ளது. அங்கே புறா, நாரை, அன்னம், மயில் என நான்கு பறவைகள்.