பெயர் ஒன்று, குடி வேறு

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலிற் கிடக்கும் அனலைதீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் ரொட்டர்டாம். நயினாதீவை அவர்கள் ஹார்லெம் என்றும், வேலணைத் தீவை லெய்டன் என்றும் வழங்கினர். இவை யாவும் அவர்தம் நாட்டு நகரங்களின் பெயர்கள். பெயர் ஒன்றாயிற்று என்பதனால் அந்நகரத்துக்கும் அனலைதீவுக்கும் குடியுறவு உண்டாகிவிடவில்லை. ஊர்ப்பெயரிற் காணும் இவ்வுண்மை ஆட்பெயருக்கும் பொருந்தும்.

மேனாட்டாரிடையே குடும்பப் பெயர் தலைமுறைதோறும் தொடர்ந்து வரும். தமிழர் வழக்கிலோ தந்தையின் பெயரே முன் நிற்கும். மகன் காலத்தில் அதுவும் மாறிவிடும். சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கும் சேர் பொன்னம்பலம் அருணாசலத்துக்கும் பொன்னம்பலம் என்பது தந்தையின் பெயர், இருவரும் உடன்பிறந்தார். 1944ஆம் ஆண்டில் தமிழ்க் காங்கிரசைத் தோற்றுவித்த ஜீ. ஜீ. பொன்னம்பலத்துக்கோ அது அவருடைய சொந்தப் பெயர். அவர் தந்தையார் கங்கேசர். மறுபுறம், கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் பெயரில் பொன்னம்பலம் என்னும் சொல்லே இல்லை. ஆயினும் அவர் தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமியின் உடன்பிறந்தாளே இராமநாதனை ஈன்ற தாய். எனவே ஆனந்தர் இராமநாதனுக்கு அம்மான் மகனாவார். பெயர் காட்டாத உறவைத் தாய்வழி காட்டுகின்றது.

தீவகத்திலேயே மற்றொரு சான்று உண்டு. தனிநாயக முதலி என்பவர் நெடுந்தீவிற் குடியேறியதை யாழ்ப்பாண வைபவமாலை கூறுகின்றது. 1913ஆம் ஆண்டில் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனிற் பிறந்து, சேவியர் எனத் திருமுழுக்குப் பெற்ற தமிழறிஞர், பிற்காலத்தில் தனிநாயகம் அடிகள் என விளங்கினார். நெடுந்தீவைச் சேர்ந்த தந்தைவழி முன்னோரின் பெயரையே அவர் ஏற்றார் என்பது மரபு. எனினும், வைபவமாலை 18ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அது கூறும் குடியேற்றமோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. முதலிக்கும் அடிகளுக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு தலைமுறையையும் ஆவணங்கொண்டு இணைத்தாலன்றி, மரபு சான்றாகிவிடாது. மரபைப் போற்றுதல் வேறு, மெய்ப்பித்தல் வேறு.

இவ்வாராய்ச்சி அறிஞர்க்கு மட்டும் உரியதன்று. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டம் முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுக்கின்றது. முதுசக் காணியிற் பங்கு கேட்போர் பெயரொற்றுமையைக் காட்டினாற் போதாது. வழிமுறையைக் காட்டல் வேண்டும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால், கந்தன் மகன் வேலனும் வேலன் மகன் கந்தனும் மாறிமாறித் தோன்றுவர். எந்தக் கந்தன் என்பதை ஆண்டும், மனைவியின் பெயரும், காணியின் பெயருமே தெளிவுபடுத்தும். ஆள் மாறினும் காணியின் பெயர் எளிதில் மாறாது. தோம்பு, சீதன உறுதி, கோயிற் கணக்கு, தேவாலயத் திருமுழுக்குப் பதிவு ஆகியவற்றை ஒப்பிட்டு நோக்குதல் இதனாலேயே இன்றியமையாததாகின்றது.

1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. போரினால் தீவக மக்கள் பல தேசங்களுக்கும் பெயர்ந்தனர். பழைய உறுதியொன்றைப் பெட்டியிற் பேணும் பாட்டி இன்னும் பல இல்லங்களில் இருக்கின்றாள். யார் மகள், யாருக்கு வாழ்க்கைப்பட்டாள், எக்காணி சீதனமாயிற்று என்று அவள் சொல்வதை அவள் இருக்கும்போதே எழுதிவைப்பது பேரப்பிள்ளைகளின் கடனாகும். பெயரைப் பிள்ளைகள் தாமே பெறுவர். உறவை ஒருவர் சொல்லியே அறிதல் வேண்டும்.