பாலில் தண்ணீரா, சூடா?

தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒரு விசயம் சொல்கிறேன், கேளுங்கள். சம்மாந்துறைப் பக்கம் மாடு வளர்ப்பவருக்குப் பால் விற்றுத்தான் அன்றாடச் செலவு. அந்தப் பாலில் ஒரு கண்ணாடிக் கருவியை மிதக்கவிட்டுப் பார்த்து, "தண்ணி கலந்திருக்கு" என்று ஒருவர் சொல்லிவிட்டால் காசோடு மானமும் போகும். அந்தக் கருவியின் கணக்கை நாமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அது பால்மானி, நீர்மானியில் ஒரு வகை. அடியில் பாரமான குண்டு, மேலே மெல்லிய தண்டு. மிதக்கிற பொருள் தன் நிறையளவு திரவத்தை விலக்கும். அடர்த்தி கூடிய பாலில் கொஞ்சம் விலக்கினாலே போதும் என்பதால் மானி உயர்ந்து நிற்கும்; தண்ணீர் சேர்ந்தால் தாழும். தண்டில் 30 என்றால் அடர்த்தி 1.030. இத்தகைய மிதவைக் கருவியை அல்-காஸினி என்ற அறிஞர் 1121இல் எழுதிய 'மீஸான் அல்-ஹிக்மா' என்ற நூலிலேயே விவரித்திருக்கிறார்.

சிக்கல் சூட்டில்தான் இருக்கிறது. பல பால்மானிகள் 60 பாகை பாரன்ஹைட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 15.5 செல்சியசுக்கு, அளவிடப்பட்டவை. நமது ஊரில் பால் அந்தக் குளிருக்கு எங்கே போகும்? 86 பாரன்ஹைட், அதாவது 30 செல்சியஸ், சர்வசாதாரணம். சூடேறினால் பால் விரியும், அடர்த்தி குறையும். கூடுகிற ஒவ்வொரு பாகை பாரன்ஹைட்டுக்கும் வாசிப்போடு ஏறக்குறைய 0.1 கூட்ட வேண்டும். 26 பாகைக்கு 2.6. ஆகவே 30 காட்ட வேண்டிய சுத்தமான பால் 27.4 காட்டும். பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்த பாலோ, திருத்தம் செய்த பிறகு 27 காட்டும். இரண்டு எண்களும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள்! வெப்பமானி இல்லாமல் தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

கறந்த சூட்டோடும் அளக்கக் கூடாது. பாலுக்குள் காற்று நிற்கும், கொழுப்பும் இறுகியிராது. பாலை மெல்லக் கலக்கி, நுரை எழாமல் சாடியின் ஓரமாகச் சரித்து ஊற்றுங்கள். மானியைத் தொப்பென்று போடாமல் மிதக்கும் இடம்வரை பிடித்து இறக்குங்கள். தண்டின் மேல்பகுதியில் ஒட்டும் பாலின் பாரமும் அதைத் தாழ்த்திவிடும். சாடியின் சுவரில் உரசாமல் மானி நிலைத்ததும், கண்ணைப் பால் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். தெளிந்த திரவத்தில், தண்டைச் சுற்றி வளைந்து நிற்கும் மேற்பரப்பான பிறையுருவின் அடியை வாசிப்போம். பாலில் அடி தெரியாது. தண்டோடு ஏறி நிற்கும் மேல்விளிம்பைத்தான் வாசிக்க வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் பால்மானி தனிச்சாட்சி ஆகாது. கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது. கொழுப்பு நிறைந்த பாலாடையை எடுத்தால் எண் ஏறும், பிறகு தண்ணீர் ஊற்றினால் இறங்கும். இரண்டையும் செய்தவரின் பால் நல்ல பாலாகவே தெரியும். கொழுப்பையும் சேர்த்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

பால் கொடுப்பவர்களே, மானியின் தண்டில் பொறித்திருக்கும் வெப்பநிலையைப் பாருங்கள். பாலின் வெப்பநிலையையும் அளந்து துண்டில் எழுதித் தரும்படி கேளுங்கள்.