தட்டம்மைத் தடுப்பூசி: உரிமை, அபாயம், தீர்வு

பெரியம்மை 1980இல் உலகிலிருந்து ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதால் குழந்தைகளுக்கு அதற்கான அம்மை குத்துவது நின்றுபோயிற்று. தட்டம்மை அப்படி ஒழியவில்லை. நோயாளி இருமிவிட்டுப் போன அறையின் காற்றில் அதன் கிருமி 2 மணி நேரம் வரை உயிர்ப்புடன் இருக்கும். உடம்பில் தடிப்பு தெரிவதற்கு 4 நாட்களுக்கு முன்பே நோய் பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். நிமோனியா, கடும் வயிற்றுப்போக்கு, மூளை அழற்சி, பார்வையிழப்பு ஆகியவை இதன் பின்விளைவுகள்.

தட்டம்மை கண்ட குழந்தையை தனியே வைத்திருப்பதால் தொற்று ஓரளவு குறையும். ஆனால் மருத்துவரிடம் காட்டாமலும் உணவைக் குறைத்தும் வைத்திருப்பது ஆபத்து. பால், கஞ்சி, தண்ணீர் தாராளமாகத் தர வேண்டும். மருத்துவர் மேற்பார்வையில் 2 நாட்கள் வைட்டமின் ஏ தரப்படும்.

தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி 9 மாதம் முடிந்ததும் ஒரு தவணையும், 16 முதல் 24 மாதத்துக்குள் மறு தவணையும் போடப்படுகிறது. தமிழ்நாட்டில் இக்கூட்டுத் தடுப்பூசி 2017இல் அறிமுகமானது. கர்ப்பிணிக்கு ரூபெல்லா தொற்றினால் பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, இதயக் குறை, காது கேளாமை நேரலாம். ஒன்பது மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்கு ஊசி போடும் வயது வரவில்லை. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றலோ நாளடைவில் தேய்ந்துவிடும். சுற்றியுள்ளோர் போட்டுக்கொண்ட ஊசியே அதற்குக் காப்பு. ஊரில் 95 சதவீதம் பேராவது இரு தவணையும் பெற்றிருந்தால்தான் நோய் பரவாமல் தடுக்க முடியும்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிராம முகாம்களிலும் இந்த ஊசி இலவசம். வேலைக்காக ஊர் மாறி வந்த குடும்பமும் அருகிலுள்ள அரசு நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். எந்த ஊசி, எந்த நோய்க்கு, என்ன பக்கவிளைவு, அடுத்த தவணை எப்போது என்பதைச் செவிலியர் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். லேசான சளி, இருமல் இருப்பதற்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. முந்தைய தவணையில் கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தாலோ, நோய் எதிர்ப்பாற்றல் கடுமையாகக் குன்றியிருந்தாலோ மருத்துவரிடம் முன்னதாகவே சொல்ல வேண்டும்.

இந்த மருந்து தூளாக வரும். அதற்கென வந்த கரைப்பானில் மட்டுமே கலக்க வேண்டும். கலந்த நேரத்தைக் குப்பியின் மேல் எழுதுவார்கள். 4 மணி நேரம் கடந்தால் மீதியைக் கொட்டிவிட வேண்டும். குப்பியில் உள்ள வட்டக் குறியின் நடுச் சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால்தான் மருந்து வெப்பத்தால் கெடவில்லை என்று பொருள். உறையிட்ட புதிய ஊசிதானா என்றும் பெற்றோர் பார்த்துக்கொள்ளலாம்.

ஊசி போட்ட 7 முதல் 12 நாட்களுக்குள் காய்ச்சலோ மெல்லிய தடிப்போ வந்து தானே அடங்குவது வழக்கம். கடும் ஒவ்வாமை மிக அரிது. வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். அதனால்தான் ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். மூச்சுத்திணறல், வலிப்பு, மயக்கம் கண்டால் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

பாதிப்பு நேர்ந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ மருத்துவ அலுவலரிடமோ எழுத்துமூலம் தெரிவிக்கலாம். தீவிரப் பாதிப்புகளை மாவட்டக் குழு விசாரிக்கும். விசாரணை விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம்; அலட்சியம் தெரியவந்தால் இழப்பீடு கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம். இவை அனைத்துக்கும் தடுப்பூசி அட்டையும், போட்ட தேதியும், மருந்தின் தொகுதி எண்ணும் ஆதாரம் என்பதால் அவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும்.