பொன்னெழுத்தில் ஒரு பெயர்

எங்கள் தில்லி இல்லத்தின் கண்ணாடி அலமாரியில் வெண்பீங்கான் தட்டு ஒன்று உள்ளது. 25 ஆண்டுப் பணியைப் பாராட்டி என் தந்தையாருக்கு அவரது அலுவலகம் வழங்கியது. விளிம்பில் பொற்கோடு, நடுவில் பொன்னெழுத்தில் அவர் பெயர். இன்று அப்பெயரில் முதல் மூன்று எழுத்துகளே எஞ்சியுள்ளன.

குற்றம் தீபாவளியுடையது. ஆண்டுதோறும் அத்தட்டில்தான் இனிப்பு வைப்பார் அம்மா. பின்னர் பொடி தொட்டு நாரால் தேய்த்துக் கழுவுவார். பரிசு பூட்டி வைப்பதற்கன்று என்பது அவர் கட்சி.

பீங்கான் எளிதில் கறைபடாது. பொன் மட்டும் ஏன் அழிந்தது? வெண்களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்சு ஆகியவற்றின் கலவை சூளையில் ஏறத்தாழ 1,300 பாகை செல்சியசுக்கு மேல் வெந்து பீங்கானாகிறது. மேற்பூச்சு கண்ணாடியாக இறுகுகிறது. கோபால்ட் நீலத்தால் அப்பூச்சின் அடியில் எழுதினால் எழுத்து கண்ணாடிக்குள் சிறைப்பட்டுவிடும். ஜெர்மனியில் 1710-இல் தோன்றிய மைசன் ஆலையின் அடையாளமான நீலநிறக் குறுக்கு வாள்கள், பழம்பொருள்களிலும் மங்காதிருப்பது இதனால்தான். பொன்னோ 1,064 பாகையிலேயே உருகிவிடும். ஆகவே சுட்டு முடித்த தட்டின்மீது அதைத் தீட்டி, 700 முதல் 800 பாகை அளவில் மீண்டும் சுடுகிறார்கள். அது மேலே படிந்த மெல்லிய ஏடு; நாருக்குத் தாங்காது.

நினைவுப் பரிசுக்குப் பீங்கானைத் தேர்வோர் இதனைக் கருதுவது நன்று. கடைகளில் ஆயத்த வெள்ளைத் தட்டின்மீது பொன்னெழுத்துப் பொறித்து விரைவில் தந்துவிடுவர். பூச்சுக்கு அடியில் பெயர் வேண்டுமெனில் தட்டு உருவாகும்போதே எழுத வேண்டும். பல வாரங்களுக்கு முன்பே சொல்லிவைப்பது அவசியம். இன்னொன்று: ‘போன் சைனா’ என்னும் வகையில் விலங்கெலும்புச் சாம்பல் சேர்கிறது. மரக்கறி உணவினர் சிலர் அதில் உண்ணத் தயங்குவர். பெறுபவரின் வழக்கத்தை முன்னரே அறிந்துகொள்வது மரியாதை.

பொன் தீட்டிய கலத்தை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கலாகாது. மென்மையான துணியும் சிறிது சோப்பு நீரும் போதும்.

அழிந்த எழுத்துகளை மீண்டும் எழுதிச் சுட்டுத் தர இயலுமா என்று கைவினைஞர் ஒருவரிடம் வினவினேன். பழகிய தட்டு ஈரத்தை உட்கொண்டிருக்கும், சூளையில் விரிசல் காணலாம் என்றார். தந்தையாரிடம் சொன்னபோது, “இருக்கட்டும் அப்பா, மைசூர்பாகை அதில் வை” என்றார்.

இப்போது அதைக் கழுவுவது நான்தான். நாரை அருகில் விடுவதில்லை.